ஏணி இல்லாத ஊரில் எதிரி ஏது?

2019 மார்ச் மாதத்துக் கணக்கு இது. சென்னை என்ற பெயரைச் சுமந்த இரண்டு கால்பந்து அணிகள் அப்போது தேசிய அளவில் ஆடிக்கொண்டிருந்தன. ஒன்று சென்னையின் எஃப்சி. இந்தியன் சூப்பர் லீக் என்கிற ஐஎஸ்எல்லில் 18 ஆட்டங்கள் ஆடி, 2 மட்டும் ஜெயித்து, 9 புள்ளிகளோடு பட்டியலின் கடைசி இடத்தில் கிடந்தது. இன்னொன்று சென்னை சிட்டி எஃப்சி. ஐ-லீகில் 20 ஆட்டங்கள், 43 புள்ளிகள். 42 புள்ளிகள் எடுத்த ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு புள்ளியில் தாண்டி சாம்பியன்.

ஒரே ஊர்ப் பெயர். ஒருவர் உச்சியில், ஒருவர் அடியில். கால்பந்து வேர்விட்ட எந்த ஊரிலும் இதற்கு அடுத்து என்ன நடக்கும் என்று சின்னப் பையன்கூடச் சொல்லிவிடுவான். ஊருக்குள் யார் பெரிய ஆள் என்ற சண்டை புதிதாக ஆரம்பிக்கும். நம்மிடம் என்ன நடந்தது? கடைசி இடத்து அணி அடுத்த சீசனிலும் அதே ஐஎஸ்எல்லில் ஆடியது, இறுதிப் போட்டிவரைகூடப் போனது. சாம்பியன் அணி அடுத்த சீசனிலும் அதே ஐ-லீகில் ஆடியது. 2021-22 ஐ-லீக் பட்டியலில் அதன் பெயரே இல்லை.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். சென்னை சிட்டியைச் சென்னையின் எஃப்சி தோற்கடிக்கவில்லை. இரண்டும் ஒரே பட்டியலில் இருந்திருந்தால்தானே தோற்கடிக்க? ஒரு நகரத்துக்குள் அதிகாரம் ஒரு கிளப்பிலிருந்து இன்னொரு கிளப்புக்குக் கை மாறும் வாய்ப்பையே ஓர் ஒப்பந்தம் முன்கூட்டியே அடைத்து வைத்திருந்தது. இதைப் பேசாமல் "தமிழ்நாட்டுல ஃபுட்பால் எடுபடாது மச்சி" என்று சொல்லித் திரிகிறோமே, அந்தப் பேச்சின் மேல்தான் எனக்குக் கோபம்.

நான் பெங்களூரு நிறுவனம் ஒன்றுக்கு வேலை செய்கிறேன், இருப்பது ஏற்காட்டில். சாயந்திரம் லேப்டாப்பை மூடிவிட்டு வெளியே வந்தால் காப்பித் தோட்டத்துக்குப் பக்கத்தில் மேடு தட்டிய ஒரு மைதானம். பனி இறங்கி சில்வர் ஓக் மரங்கள் மறைகிற வரைக்கும் பையன்கள் ஆடுவார்கள். பாதிப் பேர் மான்செஸ்டர் யுனைடெட், பாதிப் பேர் மான்செஸ்டர் சிட்டி. சேலம் கடைவீதியில் வாங்கிய சட்டைதான், ஆனால் சண்டை அசல். யுனைடெட் எப்போது சரிய ஆரம்பித்தது, ஃபெர்குசன் போனதாலா, அதற்கு முன்பேவா என்று கரைத்துக் குடித்தவன் மாதிரிப் பேசுவார்கள். ஒரு நாள் பத்தாவது படிக்கிற ஒருவனிடம் சென்னை சிட்டியைப் பற்றிச் சொன்னேன்.

"சென்னை டீம் இந்தியா சாம்பியனாண்ணா? எந்த வருஷம்?"

"2019. மேட்ச் நடந்தது கோயம்புத்தூர்ல."

"நம்ம கோயம்புத்தூர்லயா? இப்ப அவங்க எங்கண்ணா?"

அவனுக்குத் தெரியாததில் குற்றமில்லை. கட்டுரை எழுதுகிற, பாட்காஸ்ட் நடத்துகிற, வாட்ஸப் குழுவில் ஆர்ம்சேர் மேனேஜர்களாக இருக்கிற என் வயதுக்காரர்கள் இதை அவனுக்குச் சொல்லவில்லை. மான்செஸ்டரைச் சொன்னோம். அதையும் அரைகுறையாகச் சொன்னோம்.

அந்த மான்செஸ்டர் கதையை ஒழுங்காகப் பார்ப்போம். 1999 மே 26. பார்சலோனாவில் யுனைடெட் ஐரோப்பியக் கோப்பையை வென்று ஒரே சீசனில் 3 கோப்பைகளை முடித்தது. நான்கே நாள் கழித்து, மே 30 அன்று, வெம்பிளியில் மான்செஸ்டர் சிட்டி ஒரு ப்ளே-ஆஃப் ஆட்டத்தில் ஆடிக்கொண்டிருந்தது. எதற்கு? மூன்றாம் நிலை லீகிலிருந்து இரண்டாம் நிலைக்கு ஏறுவதற்கு. 13 வருஷம் கழித்து, 2011-12 சீசனின் முடிவில், இரண்டு அணிகளும் 89 புள்ளிகளில் நின்றன. கோல் வித்தியாசத்தில் சிட்டி சாம்பியன்.

"அதெல்லாம் காசு ப்ரோ, அபுதாபி காசு" என்று உடனே சொல்வீர்கள். சரிதான், 2008இல் அபுதாபி வந்தது. ஆனால் 2008இல் சிட்டி எங்கே இருந்தது? மேல் லீகில். மூன்றாம் நிலையிலிருந்து ஏறி, 2001இல் திரும்ப விழுந்து, 2002இல் திரும்ப ஏறி, தன் காலாலேயே அங்கே வந்திருந்தது. பணம் வீரர்களை வாங்கியது, பயிற்சியாளரை வாங்கியது. கதவை வாங்க வேண்டியிருக்கவில்லை, கதவு திறந்தே இருந்தது. கீழே இருப்பவன் ஏறலாம், மேலே இருப்பவன் விழுவான் என்ற ப்ரமோஷன், ரெலிகேஷன் விதி அந்தப் பணத்துக்கும் முந்தையது. அந்த ஏணி இல்லாவிட்டால் 1999இன் சிட்டி இன்னும் மூன்றாம் நிலையிலேயே சாம்பியன் ஆகிக்கொண்டிருக்கும். நம் பையன்கள் சண்டை போட ஒரு சட்டை குறைந்திருக்கும்.

இப்போது சென்னைக்கு வருவோம். 2010 டிசம்பரில் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் ஐஎம்ஜி-ரிலையன்ஸோடு ஓர் ஒப்பந்தம் போட்டது. 15 வருஷத்துக்கு 700 கோடி ரூபாய். இந்தியக் கால்பந்தின் வணிக உரிமைகள் கை மாறின. அதிலிருந்து பிறந்தது 2014இல் தொடங்கிய ஐஎஸ்எல். ஊருக்கு ஒரு ஃப்ரான்சைஸ், இடத்துக்குக் கட்டணம், ரெலிகேஷன் கிடையாது. சென்னைக்குக் கிடைத்தது சென்னையின் எஃப்சி. அபிஷேக் பச்சனும் தோனியும் உரிமையாளர் வரிசையில் இருந்தார்கள். 2015இல் கோப்பை, 2017-18இல் இரண்டாவது கோப்பை. அவை நன்றாக ஆடி ஜெயித்த கோப்பைகள், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

சென்னை சிட்டியின் வேர் 1946இல் தொடங்கிய நேதாஜி ஸ்போர்ட்ஸ் கிளப். 2016-17 சீசனில்தான் ஐ-லீகுக்குள் வந்தது. 2018இல் சிங்கப்பூர்க்காரரான அக்பர் நவாஸ் பயிற்சியாளராக வந்தார். ஸ்பெயினிலிருந்து வந்த வீரர்கள் சிலர், சுற்றிலும் தமிழ்நாட்டுப் பையன்கள். பெட்ரோ மான்சி அந்த சீசனில் 21 கோல் அடித்தார். 2019 மார்ச் 9, கடைசி நாள், கோவை நேரு ஸ்டேடியம். மினர்வா பஞ்சாப் முதல் கோலைப் போட்டுவிட்டது. அதே நேரம் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் ஆடிக்கொண்டிருந்தது. அங்கே அவர்கள் ஜெயித்து, இங்கே இவர்கள் தோற்றால் கோப்பை கொல்கத்தாவுக்கு. மான்சி பெனால்டியில் சமன் செய்தார், தற்காப்பு வீரர் கௌரவ் போரா 2 கோல் அடித்தார். 3-1. ஈஸ்ட் பெங்காலும் அன்று ஜெயித்தது, ஆனாலும் ஒரு புள்ளி போதவில்லை.

சேலம் ஜங்ஷனில் நின்றால் ஒரு பக்கம் போகும் ரயில் சென்னைக்கு, எதிர்ப்பக்கம் போவது கோவைக்கு. சென்னை சிட்டியைப் பார்க்க கோவை ரயில்தான் ஏற வேண்டும். தன் பெயரில் இருக்கும் ஊரிலிருந்து ஏறத்தாழ 500 கிலோமீட்டர் தள்ளி ஒரு கிளப் சாம்பியன் ஆனது. அடுத்த ஜனவரியில், 2020இல், இந்தியாவின் சாம்பியனாக ஆசிய சாம்பியன்ஸ் லீகின் தகுதிச் சுற்றில் பஹ்ரைனின் அல் ரிஃபாவோடு மோதியது. அந்த ஆட்டம் கோவையிலும் நடக்கவில்லை, சென்னையிலும் நடக்கவில்லை. அகமதாபாத்தில் நடந்தது. 0-1 என்று தோற்றார்கள். தமிழ்நாட்டின் அணி ஒன்று ஆசியாவின் மேல்மட்டப் போட்டிக்குக் கதவு தட்டிய அந்த நாளில் பார்க்கத் தமிழ்நாட்டுக்காரன் குஜராத்துக்குப் போயிருக்க வேண்டும்.

"ஐ-லீக் தரம் கம்மிண்ணே, ஐஎஸ்எல் டீம் கூட ஆடியிருந்தா தெரிஞ்சிருக்கும்" என்பது அடுத்த வாதம். ஆடினார்கள். 2019 ஏப்ரலில் புவனேஸ்வரில் சூப்பர் கோப்பை. இரண்டு லீகின் அணிகளும் கலந்துகொள்ள வேண்டிய போட்டி, ஐ-லீக் அணிகள் பலவும் எதிர்ப்புத் தெரிவித்துப் புறக்கணித்தன. சென்னை சிட்டி போனது. காலிறுதியில் பெங்களூரு எஃப்சியை 2-1 என்று வென்றது. அந்த பெங்களூரு, மூன்று வாரத்துக்கு முன்புதான் ஐஎஸ்எல் கோப்பையைத் தூக்கிய அணி. அரையிறுதிக்கு சென்னையின் எஃப்சியும் வந்திருந்தது. ஒரு சென்னை, இன்னொரு சென்னை, கோப்பைக்கு ஒரு படி தூரம். அரையிறுதியில் சென்னை சிட்டியை கோவா நிறுத்தியது, சென்னையின் எஃப்சி இறுதிக்குப் போய் அதே கோவாவிடம் தோற்றது. இரண்டு சென்னைகளும் எதிரெதிரே நிற்கவே இல்லை. தமிழ்நாட்டுக் கால்பந்து தேசிய அளவில் ஒரு சென்னை டெர்பிக்கு இவ்வளவு பக்கத்தில் வந்தது. அதுவும் ஒடிசாவில்.

எதிர்வாதம் வைப்பவர்கள் எல்லாரும் முட்டாள்கள் இல்லை. வலுவான இரண்டு வாதங்கள் உண்டு, இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது: சென்னை சிட்டியே பின்வாசல் வழியாக வந்த அணிதானே? உண்மை. 2016-17இல் அது கீழ் லீகில் ஜெயித்து ஏறவில்லை, நேரடி நுழைவில்தான் ஐ-லீகுக்கு வந்தது. இதை மறைத்துவிட்டு அதை ஏழை வீட்டு நாயகனாக்க எனக்கு விருப்பமில்லை. 2019இல் சுவிட்சர்லாந்தின் பாசல் கிளப் அதில் 26 விழுக்காடு பங்கு வாங்கியது, அதுவும் வியாபாரம்தான். ஆனால் இந்த வாதம் என் பக்கமே சாய்கிறது. ஐ-லீகுக்குள்ளும் காசு கட்டி வர வேண்டும், ஐஎஸ்எல்லுக்குள்ளும் காசு கட்டி வர வேண்டும் என்றால், இந்த நாட்டில் ஆடி ஏறுவதற்கு வழி எங்கே இருந்தது? பாசல் மாதிரி ஒரு கிளப் பணம் போடும்போது என்ன கணக்கில் போடும்? அணி வளரும், மேலே போகும் என்றுதானே? மேலே மாடியே இல்லாத கட்டடத்தில் யார் எத்தனை நாள் முதலீடு செய்வார்கள்? சென்னை சிட்டி மறைந்ததற்கு அதன் நிர்வாகமும் ஒரு காரணமாக இருக்கலாம். உலகத்தில் கிளப்புகள் மோசமான நிர்வாகத்தால் அழிவது சாதாரணம். சாம்பியன் ஆனதாலும் ஒரு படி நகர முடியாமல் போவதுதான் அசாதாரணம்.

இரண்டாவது: ஐஎஸ்எல் நல்லது செய்யவில்லையா? செய்தது. நல்ல நேரத்தில் டிவியில் கால்பந்து வந்தது, வீரர்களின் சம்பளம் ஏறியது, குடும்பத்தோடு போய்ப் பார்க்கிற ஸ்டேடியம் வந்தது. எட்வின் சிட்னி வான்ஸ்பால் சென்னை சிட்டியில் சாம்பியன் ஆகி, 2019இலேயே சென்னையின் எஃப்சிக்குப் போனார். ஒரு வீரனாக அவர் எடுத்த முடிவு சரி. ஆனால் கவனியுங்கள், வீரர் ஏறலாம், கிளப் ஏறக் கூடாது. என் தொழில் பாஷையில் சொன்னால், கிளப்புகளுக்கு அந்தக் கோப்பு படிக்க மட்டும்தான் திறக்கும், எழுத அனுமதி இல்லை. தனி மனிதர் தப்பித்துப் போகலாம், ஊர் தப்பிக்க முடியாது என்பது நமக்குத் தெரியாத கதையா என்ன? இந்த மலையிலிருந்து இறங்கிப் போன எங்கள் எல்லாருடைய கதையும் அதுதானே.

கொல்கத்தாவையும் ஒரு நிமிஷம் பார்த்துவிடலாம். அங்கே இந்த ஏற்ற இறக்கம் ஊரின் வரலாறாகவே இருந்தது. 1911இல் ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமென்ட்டை வென்ற மோகன் பகான். 1934 முதல் 1938 வரை வரிசையாக 5 முறை கல்கத்தா லீகை எடுத்த முகமதன் ஸ்போர்ட்டிங். 1970 முதல் 1975 வரை 6 முறை எடுத்த ஈஸ்ட் பெங்கால், 1975 ஷீல்டு இறுதியில் மோகன் பகானை 5-0 என்று அடித்தது. மூன்று கிளப்பும் ஒரே லீகில் இருந்ததால் நடந்தது இது. 2020இல் என்ன ஆனது? மோகன் பகான் ஏடிகே என்ற ஃப்ரான்சைஸோடு இணைந்துதான் ஐஎஸ்எல்லுக்குள் போக முடிந்தது. ஈஸ்ட் பெங்கால் முதலீட்டாளர் ஒருவரைப் பிடித்து ஓடிப்போய் ஏறியது. நூறு வருஷக் கிளப்புகளே சீட்டு வாங்கித்தான் உள்ளே போயின. நல்ல பங்காளி கிடைத்தவன் உயர்ந்தான், கிடைக்காதவன் வருஷக்கணக்கில் திணறினான். 2023 ஆகஸ்டில் டூரண்ட் கோப்பையில்தான் ஈஸ்ட் பெங்கால், வரிசையாக 8 டெர்பி தோற்ற பிறகு, ஜெயித்தது. 1-0. அந்த ஒரே கோலை அடித்தவர் நந்தகுமார் சேகர். சென்னைக்காரர். நம் ஊர்ப் பையன் ஒருவன் இன்னோர் ஊரின் டெர்பியைத் திருப்பிப் போட்டான். அவனுக்குச் சொந்த ஊரில் ஆட ஒரு டெர்பி இல்லை.

டெர்பி இல்லாவிட்டால் என்ன குடி முழுகிப்போகும் என்று கேட்கலாம். எங்கள் மலையில் அடுத்தடுத்து இரண்டு ஊர்கள் உண்டு, பெயர் வேண்டாம். கோடை விடுமுறையில் நடக்கும் எழுவர் கால்பந்துப் போட்டியில் மேட்டு ஊர்க்காரர்கள் பல வருஷம் சுழற்கோப்பையைக் கீழே இறக்கவே இல்லை. பிறகு அந்தப் பையன்கள் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கும் கோவைக்கும் வேலைக்குப் போனார்கள். பள்ளத்து ஊர் ஜெயித்தது. இரண்டாவது வருஷமும் ஜெயித்தது. மூன்றாவது வருஷம் மேட்டு ஊரில் ஒரு விஷயம் நடந்தது. இதுவரை அணியில் சேர்க்கவே சேர்க்காத லைன் வீட்டுப் பையன்கள் மூன்று பேரைக் கூப்பிட்டுச் சேர்த்தார்கள். நல்லெண்ணத்தால் இல்லை. தோல்வி தாங்க முடியாமல்தான். இப்போது அந்த மூவரில் ஒருவன்தான் அவர்களுடைய கேப்டன்.

அதிகாரம் கை மாறுவதால் கிடைப்பது இதுதான். தோற்பவன் தன் கதவைத் திறக்க வேண்டியிருக்கிறது. "இவன் வேண்டாம், அவன் வேண்டாம்" என்று சொல்லும் சொகுசு போய்விடுகிறது. கடைசி இடத்தில் முடித்தாலும் அடுத்த வருஷம் அதே நாற்காலி உறுதி என்றால், எந்தக் கிளப்புக்கு மலையேறி வந்து பத்தாவது படிக்கும் இடதுகால் பையனைத் தேட அவசரம் இருக்கும்? ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு, ஏறி வர ஒரு பயம் வேண்டும். ரெலிகேஷன் அந்த பயம்.

அதே 2019 மே மாதம் மதுரையின் சேது எஃப்சி இந்தியப் பெண்கள் லீகை வென்றது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்று மாதத்துக்குள் தமிழ்நாட்டுக்கு இரண்டு தேசியக் கோப்பைகள். இதற்குப் பிறகும் "இங்கே கிரிக்கெட் மட்டும்தான்" என்று எழுதுபவர் சோம்பேறி என்றுதான் நான் சொல்வேன். எடுபடாமல் போகவில்லை, எடுத்ததை வைக்க இடம் தரவில்லை.

2019 அக்டோபரில் ஒரு வரைபடம் போட்டார்கள். ஐஎஸ்எல்தான் முதல்நிலை லீக், 2022-23 முதல் ஐ-லீக் சாம்பியன் மேலே போகலாம், 2024-25 முதல் ரெலிகேஷன். முதல் பாதி உடனே அமலானது. 2020-21, 2021-22 இரண்டு வருஷமும் கோகுலம் கேரளா ஐ-லீகை வென்றது, இரண்டு முறையும் மேலே போக முடியவில்லை. 2023இல் பஞ்சாப், 2024இல் முகமதன் ஏறின. 2024-25 முடிந்தபோது யாரும் கீழே இறங்கவில்லை. ஏறுபவனுக்கு மட்டும் விதி, இருப்பவனுக்குச் சலுகை.

இந்தச் சலுகையாவது சென்னையின் எஃப்சியைக் காப்பாற்றியதா? 15 வருஷ ஒப்பந்தம் முடியப்போகிறது, புதுப்பிப்பது பற்றி முடிவில்லை என்று 2025 ஜூலையில் ஐஎஸ்எல்லையே நிறுத்திவைத்தார்கள். ஆகஸ்டில் சென்னையின் எஃப்சி தன் கால்பந்துச் செயல்பாடுகளைத் தற்காலிகமாக நிறுத்துவதாக அறிவித்தது. விழவே முடியாத இடத்தில் உட்கார வைக்கப்பட்ட அணிக்கு, நாற்காலியைப் பிடித்திருந்த கை விலகியதும் நிற்கத் தரை இல்லை. இரண்டு கோப்பை வென்ற அணியின் ரசிகர்களுக்கு இது நடந்திருக்கக் கூடாது. சென்னை சிட்டி ரசிகர்களுக்கு நடந்ததும் நடந்திருக்கக் கூடாது. நகரத்தில் இருந்த இரண்டு தரப்பையும் ஒரே அமைப்புதான் கைவிட்டது.

பழைய ஒப்பந்தம் 2025 டிசம்பர் 8ஆம் தேதியோடு காலாவதி. இனி எந்த நிறுவனத்தோடு நீண்டகால ஒப்பந்தம் எழுதினாலும், கடைசி இடத்து அணி விலக்கில்லாமல் இறங்கும், கீழ் லீகின் சாம்பியன் கட்டணமில்லாமல் ஏறும் என்பது அதில் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற வரைபடம் வேண்டாம். தமிழ்நாட்டுக்குள்ளும் வேலை இருக்கிறது. சேலத்திலோ கோவையிலோ மாவட்ட லீகை ஜெயிக்கும் அணிக்கு அடுத்த படி எது என்று ஒரு மாநில லீக் பதில் சொல்ல வேண்டும். இந்தியன் வங்கி மாதிரி தேசிய லீகில் ஆடிய அணிகளை வளர்த்த சென்னை சீனியர் டிவிஷன் அந்த ஏணியில் ஒரு படியாக வேண்டும். ரசிகர்களாகிய நாமும் சும்மா இருக்க முடியாது. மான்செஸ்டர் சண்டை தாராளமாகப் போடுங்கள், நானும் போடுவேன். ஆனால் அதிகாலை வரை விழித்து அந்த ஆட்டத்தைப் பார்க்கிற நாம், ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி நம் மாவட்ட லீக் ஆட்டம் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து அதைப் பற்றி நாலு பக்கம் எழுதலாம். சென்னை சிட்டி சாம்பியன் ஆனபோது தமிழில் அப்படி எழுதியவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களாக இருந்திருக்காவிட்டால், அது காணாமல் போனபோது யாராவது சத்தம் போட்டிருப்பார்கள்.

"இப்ப அவங்க எங்கண்ணா?" என்று கேட்ட பையனுக்கு இன்னும் இரண்டு வருஷத்தில் பள்ளி முடியும். அதற்குள் அவன் ஆடி ஏற ஒரு படியாவது போட்டிருக்க வேண்டும்.